புளி போட்டுத் துலக்கிய கேசட்

வீடியோ கேம் பெட்டியில் கேசட் போடும் வாய்க்குள் அறுபது பின்கள் இருக்கின்றன. மேல் வரிசையில் முப்பது, கீழ் வரிசையில் முப்பது. ஒவ்வொன்றும் நுனியில் சற்றே வளைந்து, உள்ளே வரும் கேசட்டின் விளிம்பிலுள்ள பித்தளை நிறக் கோடுகளை அழுத்திப் பிடிக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் கேசட்டைப் போட்டும் எடுத்தும் வந்தால் அந்த வளைவு படுத்துவிடும். பின் இருக்கும், கோடும் இருக்கும், இரண்டும் தொடாது. டிவியில் சாம்பல் நிறம் மட்டும் தெரியும். தமிழ் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருத்திக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. என் அப்பாவின் வலது கட்டைவிரலுக்காக நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

அப்பா ஜீப் ஓட்டுநர். எங்கள் வீடு வடக்கனந்தலில். விடிந்ததும் ஆட்களையும் மளிகைச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போவார். திரும்பும்போது சாமை மூட்டையோ கடுக்காயோ வண்டியில் இருக்கும். மலைச்சாலையில் ஜீப்பை நிறுத்தினால் கை பிரேக்கை மட்டும் யாரும் நம்புவதில்லை. ஒருவர் இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும். வழியில் கல் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் அதை வண்டியிலேயே வைத்திருப்பார்கள். அப்பாவின் கல் அவருடைய சீட்டுக்குக் கீழே கிடந்தது. ஒரு பக்கம் தேய்ந்து வழுவழுவென்றிருந்த கருங்கல்.

சென்ற மார்கழியில், வெள்ளிமலைக்கு இன்னும் நான்கு வளைவுகள் இருந்தபோது, அவருடைய வலது கை ஸ்டீயரிங்கிலிருந்து தானாக நழுவியது. இடது கையால் வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி, அதே கையால் பிரேக்கை இழுத்து, பின்னால் இருந்தவர்களைப் பார்த்து, "கல்லு போடு" என்றிருக்கிறார். ஒன்பது பேர் இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் முழுமையாகச் சொல்லி முடித்த கடைசி வாக்கியம் அது. அதன் பிறகு அவருடைய பேச்சு ஒற்றைச் சொற்களாக, அவையும் ஓரம் சிதைந்து, வரத் தொடங்கிற்று.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் பதினாறு நாள் இருந்தோம். கால் ஓரளவு திரும்பியது. ஊன்றுகோலுடன் நடந்தார். கை திரும்பவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்து, யாரோ கொடுத்த எதையோ திருப்பித் தர மறுப்பதுபோல் இறுகியிருந்தன. பிசியோதெரபி பார்த்த அம்மையார் மஞ்சள் நிறப் பந்து ஒன்றைக் கொடுத்து, நாளுக்கு நூறு தடவை அழுத்த வேண்டும் என்றார்.

"மொத ஆறு மாசம்தாம்மா முக்கியம். அதுக்குள்ள கை எவ்ளோ கத்துக்குதோ கத்துக்கும். அப்பறம் ரொம்பக் கஷ்டம்."

நாள்காட்டியில் ஆனி மாதத்தில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன். மதியத்துக்கு மேல் கல்லூரியில் இருப்பதை நிறுத்திக்கொண்டேன். அப்பா பந்தை மூன்று நாள் வைத்திருந்தார். நான்காம் நாள் இடது கையால் அதை மாட்டுக்கொட்டகைக்குள் எறிந்தார். பசு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மாடு கூட வேணான்னுடுச்சி," என்றாள் அம்மா. யாரும் சிரிக்கவில்லை.

தை போயிற்று, மாசி போயிற்று. கெஞ்சினேன். அவருடைய விரல்களை என் கையால் விரித்து மடக்கினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, கையை எனக்கு இரவல் கொடுத்தவர்போல் உட்கார்ந்திருப்பார். "வுடு" என்பார். அந்த ஒரு சொல் மட்டும் சிதையாமல் வந்தது.

பங்குனியில் பரணிலிருந்து பாய் எடுக்கப்போனபோது அதன் பின்னால் வீடியோ கேம் பெட்டி அகப்பட்டது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து வாங்கி வந்தது. எனக்காக வாங்கியதாகத்தான் சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைக் கழுவி நிறுத்தியதும் அதன்முன் உட்கார்ந்தவர் அவரே. அவர் ஆடியது ஒரே ஆட்டம்: மேலிருந்து பார்க்கும் சாலை, அதில் ஒரு சிவப்புக் கார். கையில் பிடிக்கும் ஜாய்ஸ்டிக்கில் இடது கட்டைவிரலால் திருப்ப வேண்டும். வலது கட்டைவிரலால் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால்தான் கார் ஓடும், விட்டால் நின்றுவிடும்.

பெட்டியைத் தூசி தட்டும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை நீட்டினார்.

முதல் நாள் கார் தன் நீளத்துக்கு இரண்டு மடங்கு நகர்ந்து நின்றது. கட்டைவிரல் அழுத்தியதா, மேலே விழுந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. மறுபடி வைத்தார். அன்றைக்கு நாற்பது முறையாவது வைத்திருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணினேன். ஒன்று. ஒன்று. ஒன்று. ஒரு வாரத்தில் இரண்டு. சித்திரை பிறந்தபோது ஐந்து.

"மலையில ஓட்டனது போறாதுன்னு டிவியில வேற ஓட்டிக்கினு கீறாரு. இதுக்கு டீசலு யாரு போடறது?" என்றாள் அம்மா. அப்பாவின் வாய் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

மருத்துவமனையில் அந்த அம்மையார் அவர் கட்டைவிரலைத் தன் இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா பண்ணீங்க?"

சொன்னேன்.

"நான் எங்க வூட்டுல பசங்கள ஆடாத ஆடாதன்னு கத்திக்கினு கீறேன். இவரு ஆடட்டும். நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க. நின்னா விரலு மறந்துடும்."

வைகாசி முதல் வாரத்தில் பதினொன்று வரை எண்ணினேன். அந்த வாரம்தான் படம் உடையத் தொடங்கியது.

முதலில் சாலையின் ஓரத்தில் எழுத்துகள்போல் ஏதோ மினுங்கின. பிறகு கார் இரண்டாகப் பிளந்து ஓடியது. கேசட்டை எடுத்து விளிம்பில் ஊதிவிட்டு மறுபடி போட்டேன். இந்த விளையாட்டு இருந்த எல்லா வீடுகளிலும் இதைத்தான் செய்தார்கள், எங்கள் வீட்டில் அப்பாதான் ஊதுவார். இப்போது அவர் உதடு காற்றைக் கோணலாக விட்டதால் நான் ஊதினேன். ஊதும் மூச்சில் ஈரம் இருக்கிறது, அந்த ஈரம்தான் இத்தனை ஆண்டுகளாகக் கோடுகளை மங்கவைத்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு நாள் ஊதினேன். தீப்பெட்டி அட்டையைக் கிழித்துக் கேசட்டின் பக்கத்தில் முட்டுக்கொடுத்தேன். மூன்றாம் நாள் சாம்பல் நிறம் தவிர வேறொன்றும் வரவில்லை. வட்டம் போட்ட தேதிக்கு முப்பத்தொரு நாள் இருந்தது.

கைப்பேசியில் அதைப்போன்ற ஓர் ஆட்டத்தை இறக்கிக் கொடுத்தேன். கண்ணாடியில் அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை. அவர் விரல் வழுக்கி ஓரத்துக்குப் போனது. இணையத்தில் புதிய பெட்டி வரவழைக்கலாம் என்று பார்த்தால் பதினைந்து நாளாகும் என்றது. அந்தச் சிவப்புக் கார் அதில் இருக்குமா என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்பா ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு சாம்பல் திரையைப் பார்த்தபடி இருந்தார். மூன்று நாள் அப்படியே இருந்தார். விரல் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எதுவும் நகராதபோது எவ்வளவு நாள் அழுத்தும்?

பதிப்பியல் வகுப்பில் எங்களுக்கு ஓர் ஏட்டுச்சுவடியைக் காட்டியிருந்தார்கள். வெறும் ஓலையாகத் தெரிந்தது. மையைத் தடவித் துடைத்ததும் எழுத்துகள் எழுந்து வந்தன. எழுத்து அங்கேயேதான் இருக்கிறது, மேலே படிந்ததை எடுத்தால் போதும் என்ற எண்ணம் என் மனத்தில் ஊறியிருந்தது. கேசட்டின் கோடுகளைப் பார்த்தேன். பித்தளை நிறம், மேலே கறுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா குத்துவிளக்கில் எடுக்கும் அதே கறுப்பு.

அம்மா பால் சொசைட்டிக்குப் போயிருந்தாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நெல்லிக்காயளவு புளியை ஊறவைத்துக் கரைத்தேன். முதலில் மின்சாரத்தைத் துண்டித்தேன். அவ்வளவு கவனம் எனக்கு இருந்தது. புளியால் கோடுகளைத் தேய்த்து, விபூதியால் துலக்கி, துணியால் துடைத்தேன். தங்கம்போல் ஆயின. அதோடு நிறுத்தியிருக்கலாம். கேசட்டின் விளிம்பில் மெல்லிய துணியைச் சுற்றி, புளிக்கரைசலில் நனைத்து, உள்ளே இருக்கும் பின்களும் துலங்கட்டும் என்று அந்த வாய்க்குள் பத்துப் பன்னிரண்டு தடவை விட்டு விட்டு எடுத்தேன். பிறகு விபூதி தொட்ட துணியால் அதையே செய்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். அரை மணி நேரம் வெயிலில் வைத்தேன்.

அன்று மாலை படம் வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பது நிமிடம் ஓட்டினார். என் வாழ்வில் எந்தத் தேர்வு முடிவும் தராத பெருமையை அந்த ஒன்பது நிமிடம் எனக்குத் தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பத்தாவது நிமிடத்தில் திரை ஊதா நிறக் கோடுகளாகி, பிறகு கறுத்தது.

காலையில் திருப்புளியால் மூடியைக் கழற்றினேன். பின்களின் வேரில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. இடுக்கெல்லாம் விபூதி ஈரத்தில் குழைந்து காய்ந்திருந்தது. மூடியை அவசரமாக மாட்டினேன்.

அப்பா கேசட்டை இடது கையால் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். புளியின் வாசனை. திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் புளி போட்டுத் துலக்குகிறவள் அவள்தான். அவர் கேசட்டைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவரிடம் சொற்களும் இல்லை.

நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மதியம் அம்மா வைத்த தட்டை அப்பா இடது கையால் நகர்த்தினார். நான் எடுத்துப்போய் வைத்தபோது சாப்பிட்டார். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும்.

"இன்னா கோவம் இவருக்கு?" என்றாள் அம்மா. "ஏங்க, நான் வெச்சா கசக்குதா? சொல்லுங்க, வேப்பங்கொயுந்து அரைச்சாவது போடறேன், பேருக்குக் கசக்கட்டும்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா தட்டை என்னிடம் நீட்டினாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. புளிப் பானையை நாளுக்கு இரண்டு முறை திறப்பவள் அவள். எவ்வளவு குறைந்திருந்தது என்பது அவளுக்குத் தெரியாமல் போக வழியில்லை.

ஒன்பது நாள் இப்படிப் போனது. இதற்கிடையில் கள்ளக்குறிச்சியில் இரண்டு டிவி கடைகளுக்குப் போய்வந்தேன். ஒருவர் பெட்டியைத் தொடவே இல்லை. இன்னொருவர், "இத இப்போ யாரும்மா வெச்சிக்கினு கீறாங்க? தூக்கிப் போட்டுட்டு ஃபோன்ல ஆடச் சொல்லு," என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்பா ஜாய்ஸ்டிக்கை மடியில் வைப்பதையும் விட்டிருந்தார். விரல்கள் மறுபடி உள்ளே மடிந்திருந்தன. பிரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் என் கையில் குளிர்ந்து கிடந்தது.

அப்பாவின் மாத்திரை வாங்கும் நாளன்று நானும் அம்மாவும் பேருந்தில் கள்ளக்குறிச்சி போனோம். பெட்டியை மடியில் வைத்திருந்தேன். மருத்துவமனையில் வேலை முடிந்ததும் பேருந்து நிலையத்துக்கு அருகே, மாடிப்படிக்குக் கீழே, கைப்பேசி பழுது பார்க்கும் சிறிய கடை ஒன்றைக் கண்டோம். உள்ளே என் வயதுப் பெண் ஒருத்தி கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். அம்மா வெளியே, படியோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மாத்திரைப் பையுடன் உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா இது, மண்ணுல தோண்டி எடுத்தியா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"கேசட் போடற இடம் சரியில்லைங்க. ரொம்ப அவசரம்."

"வீடியோ கேமுக்கு இன்னா அவசரம்? நீ இன்னா பண்ற?"

"எம்.ஏ. படிக்கிறேன். தமிழ்."

"படிச்சிக்கினு கேம் ஆடறியா? நல்லா கீது."

அவள் நான்கு திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தாள். லென்ஸை இறக்கிக்கொண்டு குனிந்தாள். அப்படியே மூக்கைச் சுளித்து நிமிர்ந்தாள்.

"புளி நாத்தம் அடிக்குது. உள்ள சாம்பலு வேற. யாருக்கா இத சாமி வெளக்கு கணக்கா வெளக்கனது?"

"அம்மா," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அவளுடைய கேள்வி முடிவதற்குள் என் வாயில் அது தயாராக இருந்தது. எம்.ஏ. என்று சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மா மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஆமாம்மா," என்று வெளியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வெளக்கு வெளக்கற ஞாபகத்துல வெளக்கிட்டேன். எனக்கு இன்னா தெரியும்."

"நல்ல வேளம்மா, மொளகா தூளு போடாம வுட்டீங்க. கொயம்பே கொதிச்சிருக்கும்."

அம்மா சிரித்தாள். நான் மேசையிலிருந்த திருகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு. மறுபடி எண்ணினேன்.

அந்தப் பெண் ஒரு திரவத்தை ஊற்றிப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். சாம்பலும் பச்சையும் கரைந்து கஞ்சித்தண்ணீர்போல் வழிந்தன. இரண்டு முறை கழுவி, சூடான காற்றைக் காட்டி உலர்த்தினாள்.

"களிம்பு போய்டுச்சி. ஆனா பின்னு எல்லாம் படுத்துக்கினு கீது, பாரு. புது ஸ்லாட்டு இதுக்குக் கெடைக்காது. ஒண்ணொண்ணா தூக்கி வுடணும். எனக்குப் பதினோரு ஃபோனு காத்துக்கினு கீது. ஊசி தரேன், வேணும்னா நீயே தூக்கு. ஒடஞ்சா என்ன கேக்காத."

மேசையின் ஓரத்தில் இடம் ஒதுக்கினாள். ஊசியின் நுனியைப் பின்னின் வளைவுக்குக் கீழே நுழைத்து, மேலே நெம்ப வேண்டும். குறைவாக நெம்பினால் விட்டதும் பழைய இடத்துக்கே போய்விடும், அதிகமாக நெம்பினால் ஒடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே முடியளவு இடம்தான் இருந்தது. முதல் பின்னுக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. ஆறாவதில் என் கை பழகியது. பன்னிரண்டாவதில் வியர்வையில் ஊசி வழுக்கியது. இரவிக்கைக் கையில் விரல்களைத் துடைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பின்னையும் தூக்கும்போது, இது ஒடிந்தால் அப்பாவின் கை இனி இப்படியேதான் என்று எண்ணினேன். மிகையான எண்ணம் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. பதினேழாவது பின் திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் ஊசியோடு மேலே வந்து மற்றவற்றைவிட உயரமாக நின்றது. நான் அசையவில்லை.

"ஒடஞ்சிச்சா?" என்றாள் அவள், தன் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே.

"இல்ல."

"அப்போ மூச்சு வுடு."

ஊசியின் பக்கவாட்டால் அதை இறக்கினேன். இறங்கிற்று. அதன் வேரில் வெளிறிய கீறல் ஒன்று விழுந்திருந்தது. இன்னொரு முறை தொட்டால் போய்விடும். தொடாமல் பதினெட்டாவதுக்குப் போனேன்.

அறுபதும் முடியும்போது மூன்று மணி தாண்டியிருந்தது. அம்மா நாற்காலியில் அதே இடத்தில் இருந்தாள். கழுத்து நிமிராமல் நான் எழுந்ததைப் பார்த்து, எழுந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"இங்க டிவி இல்ல, வூட்ல போட்டுப் பாரு," என்றாள் கடைக்காரப் பெண். "ரொம்ப டைட்டா இருக்கும். நேரா அழுத்தணும். கோணையா போனா மொத்தமும் மடிஞ்சிடும். அப்பறம் எடுத்துக்கினு இங்க வராத, நேரா குப்பைக்குப் போ." பிறகு அம்மாவிடம், "அம்மா, இனிமே சாமி வெளக்க மட்டும் வெளக்குங்க," என்றாள்.

"சரிம்மா," என்றாள் அம்மா.

பேருந்தில் ஜன்னலோரம் அம்மா. கச்சிராயபாளையம் தாண்டும்வரை என்ன சொல்வது என்று வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் எழுவாய் நானாக இருக்க வேண்டியிருந்தது. ஒன்றையும் முடிக்க முடியவில்லை.

"காலையில சாப்ட்டியா நீ?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா."

"அதான் கை நடுங்கிச்சி."

வீட்டில் அப்பா நாங்கள் விட்டுச்சென்ற நிலையிலேயே நாற்காலியில் இருந்தார். பெட்டியை மேசைமேல் வைத்து, வயர்களை டிவியில் செருகினேன். கேசட்டைப் பெட்டியின் முன்பக்கத்து வாயில் நேராக வைத்து அழுத்தினேன். உள்ளே போகவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். பெட்டி மேசையில் பின்னால் வழுக்கியது. கேசட் ஒரு பக்கம் சாய்ந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். பதினேழாவது பின் கண்முன் நின்றது. ஒரு கையால் பெட்டியைப் பிடித்து மறு கையால் அழுத்தினால் கேசட் கோணலாகவே போனது. மூன்றாம் முறை முயலத் துணிவு வரவில்லை. வட்டம் போட்ட தேதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ப்பா," என்றேன். "புளி போட்டது அம்மா இல்ல. நான்."

அவர் என்னைப் பார்த்தார்.

"ஒன்பது நாளா நீ அம்மா மேல கோவமா கீற. நான் சொல்லல. இன்னைக்கி கடையிலயும் அம்மான்னுதான் சொன்னேன். அம்மா ஆமான்னுடுச்சி."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா திட்டியிருக்கலாம். மலைச்சாலையில் எதிரே வரும் லாரிக்காரர்களை அவர் திட்டிக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு சொல்லாவது வந்திருக்கலாம். வரவில்லை. ஊன்றுகோலை எடுத்து எழுந்தார். மேசைக்கு வந்தார். ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, இடது கையால் தன் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினார். மடிந்த விரல்களோடு அதைப் பெட்டியின் பின்பக்கம், மேசையோடு ஒட்டி வைத்தார். தோளைச் சாய்த்து அதன்மேல் எடையை ஏற்றினார்.

"கல்லு," என்றார்.

எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் விளங்கியது. பெட்டி இனிப் பின்னால் போகாது. அவர் இடது கையால் கேசட்டை எடுத்து, வாயில் வைத்து, நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, ஒரே சீராக அழுத்தினார். வலது கை அசையவில்லை. அசையாமலிருப்பதற்கு மட்டும் அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கேசட் கிரீச்சென்ற ஓசையோடு உள்ளே போய் அமர்ந்தது. போகும்போது உள்ளே ஏதாவது ஒடிந்ததா என்று நான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன்.

படம் வந்தது. முதலில் வந்தது, மறைந்தது, மறுபடி வந்து நின்றது. சாலை, சிவப்புக் கார்.

அவர் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தார். வலது கையை அதன்மேல் கொண்டுவந்து வைக்க இடது கைக்கு மூன்று முயற்சிகள் ஆயின. கட்டைவிரல் பொத்தானிலிருந்து வழுக்கியது. மறுபடி வைத்தார். வழுக்கியது. பதினொன்று வரை நின்ற விரல் அது. அடுத்த முறை கார் அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நின்றுவிட்டது. எட்டு எண்ணிக்கை போயிருந்தது. அதில் பாதியாவது இந்தப் பத்தொன்பது நாளில் திரும்புமா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா தட்டுடன் வந்து நின்றாள். காலையில் வடித்த சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. வழக்கம்போல் அதை என்னிடம் நீட்டினாள். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ," என்றார், அம்மாவிடம்.

அம்மா தட்டை அவர் அருகே ஸ்டூலில் வைத்தாள். அவருக்குச் சாப்பிட இடது கை வேண்டும். அந்தக் கை ஜாய்ஸ்டிக்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவருக்கு மனமில்லை. படுக்கையில் கிடந்த நாள்களில்கூட ஊட்டவிடாதவர், அம்மா பக்கமாகத் தலையைத் திருப்பி வாயைத் திறந்தார்.

"நல்லா கீது," என்றாள் அம்மா. "வண்டியும் ஓட்டணும், சோறும் ஊட்டணும்." ஒரு வாய் உருட்டிக் கொடுத்தாள். சோறு கோணிய உதட்டின் ஓரத்தில் ஒட்டியதைப் புறங்கையால் துடைத்தாள்.

அவர் மென்றுகொண்டே மறுபடி அழுத்தினார். நான் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.